கூப்பீட்டுத் தொலைவு

களமருதூர் என்னும் ஊர்ப்பெயரில் களமும் உண்டு, மருதமும் உண்டு. நெல்லடிக்கும் களத்தை ஊருக்கு எத்துணைத் தொலைவில் அமைப்பது, களத்தோரத்து வைக்கோற்போரை அடுப்படியினின்று எவ்வளவு விலக்கிப் போடுவது, எந்தத் திங்களில் காற்று எப்பக்கமிருந்து வீசும், பொறி பறந்தால் எங்குப் போய் விழும் என்பனவற்றையெல்லாம் நம் முன்னோர் எந்தச் சட்டநூலையும் பார்த்துத் தெரிந்துகொண்டாரல்லர். நான் சிறுவனாயிருந்தபோது, கூரைவீட்டுக்கு மேல்காற்றுப் பக்கமாகப் போர் போட்டுவிட்ட இளைஞன் ஒருவனை ஊர்ப்பெரியவர் அழைத்து, அன்று பொழுது சாய்வதற்குள் அதனைப் பிரித்து வேறிடத்தில் அடுக்கச் சொன்னதைக் கண்டிருக்கின்றேன். “என் நிலம், என் வைக்கோல்” என்றான் அவன். “நிலம் உன்னுடையதுதான், தீ ஊருடையது” என்றார் அவர். அவன் மறுபேச்சின்றிப் பிரித்தான்.

ஊருக்கு அண்மையில் எது இருக்கலாம், எது இருத்தல் கூடாது என்று சொல்லும் உரிமை ஊருக்கே உண்டு என்பது அன்று எவரும் ஐயுறாத ஒன்று. இன்று அவ்வுரிமை எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா. அதனை எண்ணெய், எரிவளிக் கிணறுகளை முன்வைத்துக் கேட்கின்றேன்.

கல்வராயன் மலையடியில் வாழும் நமக்கு இவ்வினா எதற்கு என்று சிலர் எண்ணலாம். நம் மலையடியில் இருப்பது கரும்பாறை. கன்னெய் தங்கும் படிவப்பாறை கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து கிடக்கின்றது. ஆகலின் கள்ளக்குறிச்சியில் நாளையே துளைப்பொறி வந்து நிற்கும் என்று நான் அச்சுறுத்த வரவில்லை. ஆனால் 2018 அக்தோபர் முதல் நாளன்று நடுவணரசு வேதாந்தா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து கையளித்த நீரகக்கரிமப் பரப்புகளுள் ஒன்று மரக்காணத்திலிருந்து தொடங்குவது. அன்று மரக்காணமும் கள்ளக்குறிச்சியும் ஒரே விழுப்புர மாவட்டத்துள் இருந்தன. நம் மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில்தான். மேலும் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து ஆசனூரிலேயே எண்ணெய்க் கிடங்கு இருக்கின்றது. கிணறு இல்லாத ஊருக்கும் குழாய் வரும். குழாய் வராத ஊருக்கும் கிடங்கு வரும்.

முதலில் எரிகிணறு எத்தகையது என்பதைத் தெளிய வேண்டும். அது நம் ஏற்றக்கிணறு போன்றதன்று. இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைந்த அகலத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டு செல்வது. துளைக்கும்போது கனமான சேற்றுக்குழம்பை உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பர். அக்குழம்பின் எடைதான் அடியிலுள்ள எரிவளியை மேலெழாமல் அழுத்தி வைக்கின்றது. அடியழுத்தம் அவ்வெடையை விஞ்சிவிட்டால், தலைவாயிலிலுள்ள அடைப்புக் கருவியும் தவறிவிட்டால், எரிவளி பீறிட்டு வெளிவரும். ஒரு பொறி போதும். பின் அதனை அணைக்கக் கிழமைகள் ஆகும், திங்கள்களும் ஆகும். இது துளைக்கும்போது நேரும் கேடு. துளைத்து முடித்த பின்னும் கேடு ஓய்வதில்லை. நாம் குடிக்கும் நீரூறும் மணலடுக்குகளை ஊடுருவித்தான் அத்துளை கீழே போகின்றது. நீருக்கும் நெய்க்கும் நடுவே உள்ளவை ஓர் இருப்பு உறைக்குழாயும், அதனைச் சுற்றி இறுகிய காறையும் மட்டுமே. இரும்பு துருப்பிடிக்கும்; காறை வெடிக்கும். கைவிடப்பட்ட கிணற்றிலும் இவ்வாறே. சில கிணறுகளில் வரும் நச்சுவளி அழுகிய முட்டை நாற்றம் உடையது. அளவு மிகும்போது அது மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். காற்றினும் கனமானதாகலின் பள்ளத்தில் தங்கும். நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுபவன்தான் அங்கே முதலில் விழுவான்.

இவை கற்பனையல்ல. ஆந்திர மாநிலத்துக் கோனசீமைப் பகுதியில், பாசர்லபூடியில், 1995 சனவரியில் பீறிட்ட கிணறு 65 நாள்கள் எரிந்தது. சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் வீடு வாசல்களை விட்டு ஓடினர். அதே பகுதியில் நாகரம் என்னும் ஊரில் 2014 சூன் 27 விடியற்காலையில் எரிவளிக் குழாய் வெடித்து இருபதின் மேற்பட்டோர் மாண்டனர். உறங்கிக்கொண்டிருந்தோர்க்கும், அடுப்பு மூட்ட எழுந்தோர்க்கும் ஓடவும் நேரமில்லை. அசாமில் பாகுசான் என்னுமிடத்தில் 2020 மே 27-இல் வெடித்த கிணறு சூன் 9-இல் தீப்பற்றி, நவம்பர் நடுவில்தான் அடங்கியது. தீயணைக்கப் போன இருவர் முதலிலேயே மாண்டனர். பல்லாயிரவர் முகாம்களில் மழைக்காலத்தைக் கழித்தனர். அக்கிணற்றை அடுத்து மீன்வளம் மிக்க பேரேரியும் காட்டுயிர்க் காப்புப் பரப்பும் இருந்தன என்பதைத் துளைக்குமுன் அறியாதவர் எவருமிலர். அருகில் இருந்தன என்பதுதான் கேடு. அருகில் இருக்கலாம் என்று எவரோ கையெழுத்திட்டனர் என்பதுதான் குற்றம்.

நம் காவிரிப்படுகைக்கு வருவோம். எண்ணெய் எரிவளிக் கழகம் இப்படுகையில் 1960-களிலிருந்தே துளைத்து வருகின்றது. நரிமணம், கோவில்களப்பால், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், புவனகிரி என்று சோற்றுக்கு நெல் தந்த ஊர்ப்பெயர்களெல்லாம் கழகத்தின் ஏடுகளில் எரிகிணற்றுப் பெயர்களாயின. 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் நெய் தூய்மிப்பு ஆலையும் எழுந்தது. இதுகாறும் துளைத்தவை சற்றொப்ப 700 கிணறுகள். இவற்றுள் நெய் தருவன சில நூறே; எஞ்சியவை மூடப்பட்டும் கைவிடப்பட்டும் கிடக்கின்றன. 2017-இல் நெடுவாசல் கொதித்தெழுந்தபோதுதான், அதனைச் சூழ்ந்த நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு, வடகாடு முதலிய ஊர்களில் முன்னரே துளைத்து வைத்திருந்த ஆய்வுக்கிணறுகள் தமிழகத்தின் கண்ணில் பட்டன. அதே ஆண்டு சூன் 30-இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் நெய் பரவியது. மாவட்ட ஆட்சியர் வந்து விடை சொல்லட்டும் என்று கேட்ட மக்களுக்குத் தடியடியும் சிறையும் விடையாயின.

இப்போராட்டங்களின் பயனாகத்தான் 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிதாக நெய்யும் எரிவளியும் தேடுதல், துளைத்தல், எடுத்தல் ஆகியவற்றை அது தடை செய்கின்றது. நன்று. மக்கள் வென்றனர் என்றே சொல்லுவேன். அதனைச் சிறிதாக்கிப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டத்தை முழுதும் படிக்க வேண்டும். முன்னரே நடைபெற்றுவரும் பணிகளை அது தொடவில்லை. குழாய்களையும் அது தடுக்கவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களை அது உள்ளடக்கவில்லை. அதன் விளைவை 2021-இல் பார்த்தோம்: அரியலூரில் ஆய்வுக்கிணறுகள் தோண்ட இசைவு கேட்டுக் கழகம் விண்ணப்பித்தது. 2025 மார்ச்சில் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதியில் 20 ஆய்வுக்கிணறுகளுக்கு, தமிழ்நாட்டிலேயே அமர்ந்திருக்கும் சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் இசைவளித்தது. ஆகத்துத் திங்களில் அச்செய்தி வெளிப்பட்டு மக்கள் குரல் எழுப்பிய பின்னரே, அதனைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு அறிவித்தது. ஐந்து திங்கள்கள் எவர்க்கும் தெரியாமலிருந்தது எப்படி? 2020 சனவரியில் நடுவணரசு செய்த திருத்தத்தால் ஆய்வுக்கிணறுகட்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டுவதில்லை என்றாகிவிட்டது. கேட்க வேண்டியதில்லை என்றான பின் சொல்லவேண்டிய கட்டாயமும் ஒழிந்தது.

இங்கேதான் தொலைவு என்னும் செய்தி வருகின்றது. தமிழ்நாட்டில் எவ்வெவற்றுக்குத் தொலைவு வரையறை உண்டு என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்துக் கல்லுடைக்கும் குழிகள் குடியிருப்பினின்று 300 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும் என்று மாநிலக் கனிம நெறிமுறை சொல்கின்றது. பள்ளிக்கூடத்தினின்று 100 கசத்துக்குள் புகையிலை விற்றல் கூடாது. கோயிலுக்கும் பள்ளிக்கும் நகரில் 50 மீட்டர், பிறவிடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் அரசின் மதுக்கடை. (தொலைவு தாளில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் கள்ளக்குறிச்சியே சான்று. 2024 சூனில் கருணாபுரத்தில் நச்சுச்சாராயம் அறுபதின் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, காவல்நிலையமும் வழக்குமன்றமும் கூப்பிடு தொலைவில்தான் இருந்தன.) பீடிக்கட்டுக்குத் தொலைவு உண்டு, மதுப்புட்டிக்குத் தொலைவு உண்டு, கருங்கல்லுக்குத் தொலைவு உண்டு. ஆனால் எரிகிணற்றுக்கும் நம் தொட்டிலுக்கும் இடையே எத்துணை அடி வேண்டும் என்று சொல்ல நம் ஊராட்சிக்கு உரிமை இல்லை. எண்ணெய்ச் சுரங்கங்களுக்கென நடுவணரசு 1984-இலும் பின்னர் 2017-இலும் வகுத்த நெறிமுறைகள் உண்டு. அவை பெரிதும் சுரங்கத்தையும் அதில் உழைப்போரையும் நோக்கியவை. அவற்றை மேற்பார்க்கும் சுரங்கக் காப்புத் தலைமை அலுவலகம் தன்பாத்தில் இருக்கின்றது. மன்னார்குடிப் பக்கத்து உழவன் தன் வீட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள இடைவெளியை முறையிடத் தன்பாத்து வரை போகவேண்டும் போலும்!

குழாய்ச் சட்டம் இதனினும் கொடிது. 1962-ஆம் ஆண்டின் நெய்க்குழாய்ச் சட்டத்தில் தொலைவு உண்டு. ஆனால் அது தலைகீழான தொலைவு. குழாய் செல்லும் நிலத்தில் உரியவன் வீடு கட்டுதல் கூடாது. கிணறு வெட்டுதல் கூடாது. குளம் தோண்டுதல் கூடாது. மரம் நடுதலும் கூடாது. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. குழாய் வீட்டைவிட்டு விலகுவதில்லை. வீடுதான் குழாயைவிட்டு விலகவேண்டும்! கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய ஏழு மாவட்ட உழவர்கள் கெயில் நிறுவனக் குழாயை எதிர்த்தபோது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-இல் தமிழ்நாட்டரசே சொல்லிற்று. ஒரு மாநில அரசு, தன் மண்ணில், குழாயைச் சற்றுத் தள்ளிப் போடு என்று சொன்ன சொல் 2016 பிப்ரவரி 2-இல் உச்சநயன்மன்றத்தில் தள்ளுபடியாயிற்று. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நடுவணரசுப் பட்டியலின் 53-ஆம் உள்ளீடு எண்ணெய் வயல்களைத் தில்லிக்கு எழுதிவைத்துவிட்டது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றது, வேளாண்மை இருக்கின்றது, பொதுநலமும் ஊராட்சியும் அங்கேயே இருக்கின்றன. மேலே உள்ளதெல்லாம் நம்முடையது, அடியிலுள்ளது அவர்களுடையது, அடியிலுள்ளதை எடுக்க மேலே உள்ளதைத் துளைக்கலாம். இதுதான் இக்கூட்டாட்சியின் நிலக்கணக்கு.

பிற நாடுகளில் எப்படி என்று காண்போம். அமெரிக்கத்தின் டெக்சாசு மாநிலத்தில் டென்டன் என்றொரு நகரம் உண்டு. கிணற்றுக்கும் வீட்டுக்கும் 1200 அடி இடைவெளி வேண்டும் என்று அந்நகரவை 2013-இல் வகுத்தது. பக்கத்துப் பெருநகராகிய டாலசு அதே ஆண்டு 1500 அடி என்றது. அதிலும் அமைதி கொள்ளாத டென்டன் மக்கள் 2014 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பு நடத்தி, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எரிவளி எடுப்பதையே தம் எல்லைக்குள் தடை செய்தனர். ஆறே திங்கள்கள்! 2015 மே 18-இல் டெக்சாசு மாநில அரசு, எந்த நகரவையும் இவ்வாறு தடை செய்யலாகாது என்று சட்டமியற்றி ஊரின் வாயை அடைத்தது. தொழில் நடப்பதற்கு இடர் செய்யாத அளவில் தொலைவு வகுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. நெய் முதலாளிகள் எங்குமே ஊரவையைத்தான் முதலில் அஞ்சுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

கொலராடோ மாநிலமோ வேறு வழி சென்றது. 2018-இல் 2500 அடி தொலைவு கேட்டு நடந்த வாக்கெடுப்பில் மக்கள் தரப்புத் தோற்றது. தோற்றவர் ஓயவில்லை. 2019-இல் கிணறு அமையும் இடம்பற்றி முடிவு செய்வதில் ஊராட்சிகட்கு உரிமை தரும் சட்டம் அங்கு வந்தது. 2020 இறுதியில் 2000 அடி என்னும் வரையறையும் வந்தது. கலிபோர்னியா 2022-இல் 3200 அடி என்று சட்டம் செய்தது. நெய் நிறுவனங்கள் கையெழுத்துத் திரட்டி அதனை நிறுத்தி வைத்து, பின் 2024-இல் தாமே பின்வாங்கின. சட்டம் நடைமுறைக்கு வந்தது.

3200 அடி என்பதைப் படித்தபோது எனக்கு நம் பழைய வாய்பாடு நினைவுக்கு வந்தது. நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு. நான்கு கூப்பீடு ஒரு காதம். முழம் ஒன்றரை அடியெனக் கொண்டால் கூப்பீடு 3000 அடி. ஒருவன் கூப்பிட்டால் கேட்கும் எல்லை என்பதே அப்பெயரின் பொருள். அயல்நாட்டார் இந்நூற்றாண்டில் கருவிகளோடு அளந்து வந்து சேர்ந்த இடமும், நம் முன்னோர் தொண்டையை வைத்து அளந்த இடமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். இதில் பெருமை பேச ஏதுமில்லை. ஆயினும் கேட்பதற்கு ஓர் அளவு வேண்டுமன்றோ? எரிகிணறு எதுவாயினும் வீடு, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் கிணறு, ஏரி ஆகியவற்றினின்று ஒரு கூப்பீட்டுத் தொலைவுக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்று கேட்போம்.

இதற்கு இரு பக்கமிருந்தும் மறுப்பு வரும் என்பதை அறிவேன். அலுவலர் பக்கமிருந்து வருவது எளிது. ஒரு கிணற்றைச் சுற்றி 3000 அடி ஆரத்துக்கு வட்டமிட்டால் ஏறத்தாழ 650 ஏக்கர் ஆகும். ஊரும் ஊரும் தோள் உரசி நிற்கும் காவிரிப்படுகையில் 650 ஏக்கர் வெற்றிடத்துக்கு எங்கே போவது, இப்படிச் சொன்னால் ஒரு கிணறும் தோண்டமுடியாதே என்பர். ஆம், முடியாது. இடமில்லை என்பதை நாம் சொல்லவில்லை, அளவுகோல் சொல்கின்றது. நாட்டின் கச்சா நெய்யில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாட்டினின்று வருகின்றதே, நாட்டு நலம் இல்லையா என்றும் கேட்பர். தஞ்சையைத் துளைப்பதால் அந்த எட்டு ஏழாகிவிடாது.

மற்றொரு மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வருவது. அதனைத்தான் நான் பெரிதாக மதிக்கின்றேன். “கிணறே வேண்டா என்று போராடும் நாம், இத்தனை அடி தள்ளி வை என்று கேட்டால், வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகாதா?” என்று ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் என்னை மடக்கினார். அன்று எனக்கு விடை சொல்ல வரவில்லை. பின்னர்ப் பலநாள் எண்ணிப் பார்த்தேன். புதிய கிணறு வேண்டா என்பதில் மாற்றமில்லை. ஆனால் முன்னரே துளைத்துவிட்ட எழுநூற்றுக்கு என்ன சொல்லப் போகிறோம்? அவற்றை ஒழிக என்று முழங்கி மண்ணினின்று பிடுங்கிவிட முடியாது. துளை துளைதான். அவை ஓரிடத்தில் நிற்கின்றன. ஊர்தான் வளர்ந்துகொண்டு அவற்றை நோக்கிச் செல்கின்றது. நேற்று நஞ்சையாக இருந்தது இன்று மனையாகின்றது. முள்வேலி துருப்பிடித்து, இரும்புத்தலை மட்டும் புதருக்குள் நிற்கும் நிலத்தை அடுத்து மனைப்பிரிவுக் கல் நடுகின்றனர். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் மூன்று சென்று வாங்கும் ஏழைக்கு அந்த இரும்பு இன்னதென்று எவரும் சொல்வதில்லை. அவன் பட்டாவில் அது இல்லை, வில்லங்கச் சான்றில் இல்லை, புலப்படத்தில் இல்லை. கழகத்தின் ஏட்டில் மட்டும் எண்ணிட்டு இருக்கின்றது. கிணறே வேண்டா என்னும் நம் முழக்கம் அவன் வீட்டுச் சுவரை அங்குலமும் நகர்த்தாது. அவனுக்கு இன்றே வேண்டியது தொலைவு. நம் இயக்கத்தார் புதிய கிணற்றைத் தடுக்கக் காட்டிய ஊக்கத்தில் பாதியைக்கூடப் பழைய கிணற்றில் காட்டவில்லை என்பது என் குறை. இதில் நானும் அடக்கம்.

இதற்குத் தில்லியின் இசைவு வேண்டுவதில்லை என்பதையும் எண்ணுக. கிணற்றை நகர்த்தத்தான் 53-ஆம் உள்ளீடு குறுக்கே நிற்கும். கட்டடத்துக்கு இசைவளிப்பதும், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவதும், பத்திரம் பதிவதும், ஊர் வரைபடம் வைத்திருப்பதும் மாநில அரசின் கையிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றையும், மூடியதாயினும் கைவிட்டதாயினும், ஊர் வரைபடத்தில் குறிக்கச் செய்ய மாநில அரசால் முடியும். கூப்பீட்டுக்குள் புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் மறுக்க முடியும். அங்கு முன்னரே வீடு கட்டி வாழ்வோரின் குடிநீரை ஆண்டுதோறும் ஆய்ந்து அவ்வூரவையிலேயே முடிவைப் படிக்கச் செய்ய முடியும். ஆனால் ஒன்று: நெய்க்குழாய்ச் சட்டம் செய்ததுபோல் நிலத்துக்குரியவன் தலையில் மட்டும் இச்சுமையை ஏற்றிவிடுதல் கூடாது. அவன் கட்டக்கூடாது என்றால், கட்டமுடியாமற் போன நிலத்தின் முழு மதிப்பையும் கிணற்றுக்குரியவர் தரட்டும். பத்தில் ஒரு பங்கு என்னும் பிச்சை வேண்டா.

ஆண்டுக்கு ஆறுமுறை ஊரவை கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. நெடுவாசல் பகுதி ஊரவைகள் நிறைவேற்றிய தீர்மானங்கள் வெறும் தாள் என்று நகைத்தவர்கள் உண்டு; பின்னர்ச் சட்டமன்றம் அதே பொருளைச் சட்டமாக்கியதையும் அவர்கள் பார்த்தனர். கடலூர் முதல் இராமநாதபுரம் வரையுள்ள நம் அன்பர்கள் அடுத்த ஊரவைக்குமுன் தத்தம் ஊர் எல்லையிலுள்ள கிணறுகளை நேரில் சென்று பார்த்து, புல எண்ணும், அண்மை வீட்டுக்கும் பள்ளிக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் உள்ள தொலைவும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வேலிக்குள் நுழைய வேண்டா. வெளியே நின்றே அளக்கலாம். நம் மாவட்டத்தார் குழாய் செல்லும் நிலங்களையும் கிடங்கினின்று வீடுகள் உள்ள தொலைவையும் அவ்வாறே அளக்கலாம். அளந்ததை ஊரவையில் படித்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, படியொன்றை மாவட்ட ஆட்சியர்க்கும், மற்றொன்றை ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையோடு விடுத்து, திரும்பி வரும் அட்டையை ஊராட்சி அலுவலகத்திலேயே கோத்து வைக்கச் செய்யுங்கள்.